அப்பால போன அமிலம்

சென்னைக்குப் போகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், எங்கள் யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு ஆளுக்கொரு வேலை தந்துவிட்டார்கள். ஒருத்திக்குக் கூறைச் சேலை, ஒருத்திக்கு வளையல், பக்கத்து வீட்டு அன்ரிக்கு மருமகளின் நிறத்துக்குப் பொருந்தும் மூக்குத்தி. எல்லோருக்கும் தலையாட்டினேன். உண்மையில் நான் போனது பட்டரவாக்கத்துக்கு. அங்கே திருகாணி செய்கிறார்கள், குழாய் வளைக்கிறார்கள், இரும்புக்குச் சாயம் பூசுகிறார்கள். அவற்றுக்கு நடுவே ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எனக்கு வேண்டிய இயந்திரம் இருந்தது.

கையில் ஒரு றெஜிபோம் பெட்டி. இங்கே அதைத் தெர்மோகோல் என்கிறார்கள். அதற்குள் ஐஸ், ஐசுக்குள் சிறு குழாய்கள், குழாய்களுக்குள் யாழ்ப்பாணக் கடலின் சிவப்புப் பாசியிலிருந்து பிரித்தெடுத்த சாறு. எங்கள் ஆய்வுகூடத்து ஆழ்குளிர்ப் பெட்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனதில் மிச்சம் தப்பியது இவ்வளவுதான். அந்தப் பாசி இனி மழைக்காலம் கழிந்த பிறகுதான் கரைக்கு வரும்.

நான் பக்டீரியாக்காரி. பக்டீரியாக்கள் ஒன்றோடொன்று கதைக்கும் என்பது என் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வாயால் அல்ல, ஒரு சின்ன இரசாயனப் பொருளால். ஒவ்வொன்றும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். சுற்றிலும் அது நிறைந்துவிட்டால் 'ஓ, நாங்கள் நிறையப் பேர் இருக்கிறோம்' என்று விளங்கிக்கொண்டு எல்லாமாகச் சேர்ந்து ஒரு மரபணுவை முடுக்கிவிடும். இறால் குஞ்சுகளைக் கொல்லும் பக்டீரியா இப்படித்தான் ஆள் சேர்த்துக்கொண்டு அடிக்கிறது. எங்கள் பாசி அந்தப் பேச்சுப் பொருளைப் போலவே இன்னொன்றைச் செய்து நடுவில் புகுந்து குழப்புகிறது என்பது என் கட்சி.

எங்கள் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்து மூத்த பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. மண்டபம் நிறைந்த கூட்டத்தில் எழும்பிச் சொன்னார்: "பிள்ளை, உம்மட பாசியில நஞ்சு இருக்கு. பக்டீரியா சாகக் கிடக்குது. சாகக் கிடக்கிறவன் கதைக்கமாட்டான்தானே?" மண்டபம் சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். ஆனால் கட்டுரையை அனுப்பிய சஞ்சிகையிலிருந்தும் அதே கேள்வி வந்தபோது சிரிக்க முடியவில்லை. பொருள் எவ்வளவு இருக்கிறது, மரபணு எவ்வளவு அடங்குகிறது, அது நஞ்சினால் அல்ல என்று எப்படித் தெரியும்? மூன்றுக்கும் பதில் இந்த மாதத்துக்குள் போகவேண்டும். போகாவிட்டால் என் பல வருட வேலைக்குப் பெயர் 'நஞ்சு'.

வேப்பம்பட்டில் சித்தப்பாவின் மகள் சுகந்தி வீட்டில் தங்கினேன். சின்ன வயதில் இங்கே வந்தவள், இந்த ஊர்க்காரரான ஏழுமலையைக் கட்டி இங்கேயே ஊன்றிவிட்டாள். ஏழுமலை கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. முதல் நாள் காலை என்னை பைக்கில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டு, "அண்ணி, ஸ்லோ வண்டில குந்துங்க. பாஸ்ட்டுல ஏறிடாதீங்க, அது பட்டரவாக்கத்துல நிக்காது" என்றார். தலையாட்டினேன். ரயில் வந்தது, எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன்.

பெண்கள் பெட்டியில் பூக்கூடையோடு இருந்த ஓர் அம்மா கூடையை இழுத்து எனக்கு இடம் தந்தார். என் பெட்டியை நன்றாகப் பார்த்துவிட்டு, "பொட்டில இன்னா மீனு?" என்று கேட்டார்.

"மீன் இல்லையம்மா. பாசி."

"பாசிமணியா? பாத்தா டீச்சராட்டம் கீற."

"கடல்ல வளருற பாசி."

"அத்த இன்னா பண்ணுவாங்கோ? துன்றதா?"

பக்டீரியாவின் பேச்சை அந்த நெரிசலில் எப்படி விளக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்பத்தூர் போனது. அடுத்ததாகப் பட்டரவாக்கம் என்ற மஞ்சள் பலகை வேகமாகப் பின்னால் ஓடியது. நான் எழும்பி நின்றதைப் பார்த்து அந்த அம்மா என் கையைப் பிடித்து இருத்தினார். "இது பாஸ்ட்டு, நிக்காது. பெரம்பூர்ல எறங்கி ஆட்டோ புடிச்சிக்கினு வா." நான் இறங்கும்போது ஒரு முழம் பூவைக் கிள்ளிப் பெட்டியின் மேலே வைத்தும் விட்டார்.

பெரம்பூரிலிருந்து ஓட்டோ. பாடி மேம்பாலத்தில் ஏறியதும் எங்கள் பயணம் நின்றது. முன்னால் லொறி, பின்னால் லொறி, பக்கத்தில் ஒரு பஸ், அதன் படியில் தொங்கியபடி கைப்பேசியில் சீரியல் பார்த்துக்கொண்டு ஒருவர். எங்கள் ஊரில் தெரு அடைபட்டால் கோயில் தேர் வருகிறது என்று அர்த்தம், கும்பிட்டுக்கொண்டு நிற்கலாம். இங்கே கும்பிட ஒன்றும் இல்லை. ஓட்டோக்காரர் மட்டும் அமைதியாக இருந்தார். "டென்சன் ஆவாத யக்கா. எல்லாரும் போய்க்கினுதானே கீறாங்க" என்றார். யாரும் போய்க்கொண்டிருக்கவில்லை. ஐஸ் உருகி என் மடியில் சொட்டியது.

ஆய்வுகூடத்தில் எனக்காகக் காத்திருந்தவர் கஜேந்திரன், எல்லோருக்கும் கஜா. மண்ணூர்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர், வேதியியலில் முதுகலை, பொருள்களின் எடையை மூலக்கூறு அளவில் நிறுக்கும் அந்த இயந்திரம் அவர் பொறுப்பில். அதை 'நைனா' என்று கூப்பிடுகிறார். அது முனகினால் "இன்னா நைனா, காலைலயே பேஜார் பண்ற" என்று அதட்டுகிறார். எடுத்த எடுப்பில் நான், "கொஞ்சம் கதைக்கவேணும்" என்றேன். "கதையா? சரக்க மொதல்ல குடுங்க மேடம்" என்றார். இருவர் பேசுவதும் தமிழ்தான், ஆனால் பாதி வசனத்துக்கு இருவரும் சும்மா சிரித்துச் சமாளித்தோம்.

பாசிச் சாற்றில் உப்பும் நிறமும் நிறைய. அவற்றைப் பிரிக்க முதலில் ஒரு காரக் கரைசல், அவர் பேச்சில் பஃப்பர், விடவேண்டும் என்றார். மேசையில் இரண்டு போத்தல்களை எடுத்து வைத்தார், ஒன்றில் அந்தக் கரைசல், மற்றதில் அமிலம். அதற்குள் கைப்பேசி அடித்தது. யாரோ ஒரு தேன் வியாபாரி, தன் தேனுக்குச் சான்றிதழ் எப்போது வரும் என்று கத்திக்கொண்டிருந்தார். கஜா கைப்பேசியைக் காதில் இடுக்கிக்கொண்டே, "மேடம், எல்லாத்துலயும் இந்த பஃப்பர ஊத்திடுங்க. ஆசிட்டு அப்பால" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

எங்கள் ஊரில் 'அப்பால' என்றால் அந்தப் பக்கம், தள்ளி. பூனையைக்கூட 'அப்பாலை போ' என்றுதான் துரத்துவோம். அமிலம் வேண்டாம் போலிருக்கிறது, கைபட்டுக் கவிழ்ந்துவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்தேன். எல்லாக் குழாய்களிலும் கரைசலை விட்டேன். பிறகு அமிலப் போத்தலை இரண்டு கையாலும் பக்குவமாகத் தூக்கி, மேசையின் மறுகோடியில், ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

கஜா திரும்பி வந்தார். "ஊத்தியாச்சா மேடம்?"

"ஊத்தியாச்சு."

அவர் கேட்டதும் சரி, நான் சொன்னதும் சரி. தேன்காரரின் மாதிரிகள் முதலில் ஓட, என் குழாய்கள் அந்தக் காரக் கரைசலோடு மத்தியானம் தாண்டும்வரை காத்துக் கிடந்தன.

அந்த இடைவெளியில் தெருமுனை மெஸ்ஸில் சாப்பிட்டேன். வெள்ளைச் சோறு, சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊரில் எல்லாக் கறியும் ஒன்றாகச் சோற்றுத் தட்டில் இருக்கும், நாங்கள் எங்கள் பாட்டில் குழைப்போம். இங்கே ஒவ்வொன்றுக்கும் தனித் தனியாகச் சோறு பிசைய வேண்டும். சாம்பாரோடேயே வயிறு நிரம்பிவிட்டது. பரிமாறியவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

மூன்று மணிக்குப் பிறகு திரையில் கோடு ஓடியது. என் பொருள் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, தட்டை. கஜா மறுபடி ஓட்டினார். மறுபடியும் தட்டை. கொஞ்சம் தள்ளி வேறொரு எடையில் மட்டும் ஒரு மேடு எழும்பியது. "பதினெட்டு எக்ஸ்ட்ரா கீது" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

பதினெட்டு என்றால் தண்ணீர். என் பொருளின் உயிரே அதன் நடுவில் இருக்கும் வளையம்தான். அந்த வளையத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறு புகுந்து அதைத் திறந்துவிட்டது. திறந்தால் அது வெறும் குப்பை. "ஐஸ் உருகிடுச்சே மேடம், வர்ற வழியிலயே கெட்டுப் போயிருக்கும்" என்றார் கஜா. "வாற வழியில ஒண்டும் நடக்கேல்ல, உங்கட மெஷின்ல ஏதோ பிழை" என்றேன் நான். "நைனா மேல பழி போடாதீங்க" என்று அவருக்கும் கோபம் வந்துவிட்டது. அமிலம் விட்டால் வளையம் மூடும் என்று பாடப்புத்தகத்தில் படித்தது எனக்கு மெல்ல ஞாபகம் வந்தது. கேட்டேன். "அதான் ஏற்கெனவே ஊத்தியாச்சே" என்றார். அமிலம் எப்போது ஊற்றினார் என்று எனக்கு விளங்கவில்லை, நான் மெஸ்ஸுக்குப் போயிருந்தபோது ஊற்றியிருப்பார் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டேன். சலிப்பில் எதையும் துருவிக் கேட்கத் தோன்றவில்லை.

திரும்பும் ரயிலில் ஸ்லோ வண்டியா பாஸ்ட் வண்டியா என்றுகூடப் பார்க்கவில்லை. ஆவடி வரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பேராசிரியரின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அவர் இனி என்னைக் காணும் இடமெல்லாம் 'பாசிப் பிள்ளை' என்பார்.

வீட்டில் சுகந்தி இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் செய்திருந்தாள். எனக்காகத் தேடிப் பிடித்த சிவப்பு அரிசி மா. நான் சாப்பிடாமல் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். ஏழுமலை தட்டை என் பக்கம் தள்ளி, "அண்ணி, மொதல்ல துன்னுங்க. மத்தத அப்பால பாத்துக்கலாம்" என்றார்.

"மற்றதை எங்க போய்ப் பாக்கிறது?" என்று கேட்டேன்.

ஏழுமலைக்கு விளங்கவில்லை. "எங்கியும் போவ வாணாம் அண்ணி. துன்னுட்டு அப்பால பாக்கலாம்னேன்."

சுகந்தி சிரிக்கத் தொடங்கினாள். "அக்கா, இங்க அப்பாலன்னா பிறகு. அங்கால இல்ல. நான் இங்க வந்த புதுசுல ஹவுஸ் ஓனரம்மா 'அப்பால குளி'ன்னாங்க, துண்ட எடுத்துக்கினு பின்பக்கக் கிணத்தடிக்குப் போயிட்டேன்."

என் கையில் இடியப்பம் அப்படியே நின்றது. எச்சில் கையை நீட்டிவைத்துக்கொண்டு இடது கையால் கஜாவை அழைத்தேன்.

"கஜா, அமிலத்தை நீங்கள் ஊத்தினீங்களா?"

"நானா? நீங்கதானே மேடம் ஊத்தியாச்சுன்னீங்க."

"நான் கரைசலைத்தான் ஊத்தினேன். அமிலத்தை அப்பால வைச்சேன். ஜன்னலுக்குப் பக்கத்தில."

"ஜன்னலாண்டையா?" என்றார். பிறகு அவர் சிரித்த சிரிப்பு ஏழுமலைக்கும் கேட்டது. சிரித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அப்போ சரக்கு சாவல யக்கா. வாய தொறந்துகினு கீது, அவ்ளோதான். ஆசிட்டு குடுத்தா மூடிக்கும்." மேடம் போய் யக்கா வந்ததை அப்போதே கவனித்தேன். சொதியை அன்று மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஸ்லோ வண்டியில் போய் இறங்கினேன். கஜா அமிலப் போத்தலோடு தயாராக நின்றார். முதல் குழாயைத் திறந்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எல்லாத்துக்கும் விடாதீங்க. பாதியை இப்பிடியே விடுவம்."

"இன்னாத்துக்கு? கீறதே கொஞ்சூண்டு."

சொன்னேன். ஒரே பாசி, ஒரே சாறு, ஒரே அளவு. ஒரு பாதியில் வளையம் மூடியிருக்கும், மறு பாதியில் திறந்திருக்கும். சாற்றில் நஞ்சு இருந்தால் இரண்டுமே பக்டீரியாவைக் கெடுக்க வேண்டும். வளையம் மூடியது மட்டும் மரபணுவை அடக்கினால் அது நஞ்சே அல்ல, பேச்சு. கஜா தலையைச் சொறிந்தார். மூடின பாதி அளவு போதாமல் போனால் எல்லாம் போச்சு என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் பாதியை எடுத்துத் தனியே வைத்தேன்.

மூடவேண்டியது மூட அன்று முழுவதும் எடுக்கும். கஜா என்னை நாஸ்தாவுக்கு அழைத்துப் போனார். இட்லிக்கு வடகறி என்று ஒன்று கொடுத்தார்கள். கடலைப்பருப்பு வடையை உதிர்த்துப் போட்ட குழம்பு. எங்கள் தேங்காய்ச் சம்பலுக்கு எதிராக நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த வடகறிக்கு இரண்டாம் தரம் கேட்டேன். மாலையில் இயந்திரம் ஓடியது. மூடிய பாதியில் என் மேடு, வரவேண்டிய இடத்தில், கூம்பாக நிமிர்ந்து நின்றது. எவ்வளவு இருக்கிறது என்ற முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. "நைனா, கலக்கிட்ட" என்று கஜா இயந்திரத்தின் முதுகைத் தட்டினார். நானும் ஒரு தட்டுத் தட்டினேன்.

மூன்றாம் நாள் பூந்தமல்லி. மரபணுவை அளக்கும் கருவி அங்கே வேறொரு ஆய்வுகூடத்தில். கஜா விடுப்புப் போட்டுவிட்டு பைக்கில் வந்து நின்றார். முடிவு தெரியாமல் தன்னால் இருக்க முடியாது என்றார். நான் பின்னால், பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில். தெரு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் "யக்கா, புடிச்சிக்கோங்க" என்பார், நான் என்னை விட்டுவிட்டுப் பெட்டியைப் பிடிப்பேன்.

அங்கே தேன்மொழி என்ற ஆய்வாளர். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர், அப்பா திருநெல்வேலிக்காரர். அவர் வளர்ப்பது ஒளிரும் பக்டீரியா. தீங்கு செய்யாதது, ஆனால் கூட்டம் சேர்ந்ததும் பேசிக்கொண்டு ஒன்றாக ஒளி விடும். மூன்று குடுவைகளில் அதை ஊற்றினார். ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை, ஒன்றில் திறந்த வளையம், ஒன்றில் மூடிய வளையம். சேர்க்குமுன் இரண்டு சாற்றையும் ஒரே புளிப்புக்குக் கொண்டுவந்தோம், இல்லாவிட்டால் அமிலம்தான் காரணம் என்று யாராவது கிளம்புவார்கள். "நாளைக்குக் காலைல வாங்க அக்கா. இங்க நின்னு பாத்துக்கிட்டே இருந்தா அதுக சீக்கிரம் வளராது" என்று எங்களை அனுப்பிவிட்டார்.

நான்காம் நாள் காலை பத்து மணி வெயிலில், ஜன்னலில்லாத ஓர் அறைக்குள் மூவரும் நுழைந்து கதவை அடைத்து விளக்கை அணைத்தோம். கண் பழக நேரம் எடுத்தது. முதல் குடுவை நீலமாக ஒளிர்ந்தது. இரண்டாவதும், திறந்த வளையம் போட்டதும், அதே நீலம். மூன்றாவது எங்கே என்று தெரியவில்லை. கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். அங்கேயே இருந்தது, இருட்டாக.

எனக்குச் சத்தம் போட வேண்டும் போலிருந்தது. ஆனால் உடனே பயமும் வந்தது. செத்துப்போனதும் இருட்டாகத்தானே இருக்கும்? தேன்மொழி விளக்கைப் போட்டு மூன்று குடுவைகளின் கலங்கலையும் அளந்தார். மூன்றும் ஒரே கலங்கல். மூன்றாவதிலும் பக்டீரியா கூட்டமாக, உயிரோடு, சுகமாக இருந்தது. ஆள் இருந்தும் பேச்சில்லை.

மிச்சம் மரபணு. மரபணு வேலை செய்யும்போது சிறு செய்தித் துணுக்குகளை எழுதி அனுப்பும். அவற்றைப் பிரித்தெடுத்துக் கருவியில் வைத்தால் திரையில் கோடுகள் எழும்பும். செய்தி நிறைய இருந்தால் கோடு சீக்கிரம் ஏறும், குறைவென்றால் பிந்தி ஏறும். முதலில் எல்லாப் பக்டீரியாவிலும் எப்போதும் வேலை செய்யும் ஒரு சாதாரண மரபணுவைப் பார்த்தோம். மூன்று குடுவையின் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. பிறகு ஒளிக்கான மரபணு. எதுவும் சேர்க்காததும் திறந்த வளையமும் ஒன்றாக ஏறிப் போயின. மூடிய வளையத்தின் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. மற்ற இரண்டும் உச்சிக்குப் போன பிறகும் எழும்பவில்லை. பிறகு மெதுவாக, மிகவும் பிந்தி, தலையைத் தூக்கியது.

"யக்கா" என்றார் கஜா. அந்தக் கருவியின் முதுகையும் ஒரு தட்டுத் தட்டினார். தேன்மொழி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் நன்றாக அழுதேன். அவ்வளவு சந்தோஷம். மூன்று நாளைக்கு முன் ரயிலில் அழுதது போல அல்ல, இதைத் துடைக்கக்கூட மனம் வரவில்லை.

வெளியே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மத்தியான வெயில் கொளுத்தியது. கஜா பாய் கடையில் பிரியாணி சொல்லப் போனார். நான் கடை வாசலில் நின்று பேராசிரியரை அழைத்தேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எவ்வளவு பொருள், எவ்வளவு கலங்கல், எந்தக் கோடு எங்கே நின்றது. அவர் குறுக்கே பேசவில்லை. அதுவே எனக்குப் புதிதாக இருந்தது.

"திறந்த வளையத்தையும் சேர்த்துப் பாக்கவேணும் எண்டு ஆர் யோசிச்சது?" என்று கேட்டார்.

"அது ஒரு பிழையில துவங்கினது சேர். பாதியை விட்டு வைச்சது நான்."

"ம். அப்ப நான் சொன்னது பிழை, பிள்ளை. அது நஞ்சில்லை."

எங்கள் பீடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வசனம் வந்ததை யாரும் கேட்டதில்லை. நான் கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"சேர், இஞ்ச ஒரே லொறிச் சத்தம். ஒண்டும் கேக்கேல்ல. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அவர் குரலை உயர்த்தி, நிறுத்தி நிறுத்தி, இன்னொரு முறை சொன்னார். முதல் முறையே எனக்கு நன்றாகக் கேட்டிருந்தது.